கார்டில் இல்லாத வலி

ஜனவரி 4

ஷீபா மேடத்தின் கட்டளை: தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். கோட்டயத்தில் உட்கார்ந்துகொண்டு கணினி வழியாக எங்களுக்கு வகுப்பு எடுப்பவருக்கு நான் எந்த மொழியில் எழுதுகிறேன் என்று தெரியவா போகிறது? தமிழிலேயே எழுதுகிறேன். மனதில் இருப்பதை எல்லாம் கொட்டும் அளவுக்கு இங்கிலீஷ் இருந்தால் நான் ஏன் இந்த வகுப்பில் சேரப்போகிறேன்?

வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர எழுதும் ஆங்கிலத் தேர்வு இது. பேச்சுப் பகுதியில் பி வாங்க வேண்டும். போன தடவை சி ப்ளஸ். காது லேசாக வலிக்கும் ஒரு குழந்தையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் 'எக்ஸ்க்ரூசியேட்டிங்' என்று ஒரு சொல்லைப் போட்டேன். உயிர் போகிற வேதனை என்று பொருள். மனப்பாடம் செய்த சொல்லை எங்காவது இறக்கி வைத்தே ஆக வேண்டும் என்ற அவசரம். ஷீபா மேடம் சிரித்துவிட்டுச் சொன்னார், "ராணி, பெரிய வார்த்தை வேண்டாம். சரியான வார்த்தை வேண்டும்."

இரண்டாவது முயற்சி பிப்ரவரி 22, கோயம்புத்தூரில். இந்தத் தடவையும் போனால் மறுபடி எழுதப் போவதில்லை என்று என் வீட்டுக்காரர் இன்னாசியிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை.

ஜனவரி 6

திண்டுக்கல்லில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறவளுக்கு இந்தத் தேர்வில் ஒரு சங்கடம் உண்டு. என் நோயாளிகள் பேச மாட்டார்கள். மூக்கு விடைப்பதையும் நெஞ்சுக்கூடு உள்ளே இழுப்பதையும் பார்த்து நானே புரிந்துகொள்ள வேண்டும். "உங்களுக்கு எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது" என்று கேட்டு எத்தனையோ வருடமாகிறது.

தேர்வில் ஒரு கார்டு கொடுப்பார்கள். அதில் நோயாளிக்கு என்ன தொல்லை, நான் என்னென்ன செய்ய வேண்டும் என்று இருக்கும். எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். வீட்டில் பயிற்சி செய்ய ஒரு நோயாளி வேண்டும். வலை போட்டுத் தேட வேண்டியதில்லை, கட்டின புருஷன் இருக்கிறார்.

ஜனவரி 7

இன்னாசியை நோயாளியாக்கியது என் தவறு. கார்டில் கணுக்கால் சுளுக்கு என்று இருந்தது. மனிதர் தரையில் புரண்டார். கீழ்வீட்டு அக்கா மேலே ஓடி வந்துவிட்டார்.

எங்கள் பங்குக் கோயிலில் வருடா வருடம் ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கா நாடகம் போடுவார்கள். ஆண்டவரின் பாடுகளை விடிய விடிய நடித்துக் காட்டுவது. அதில் ஆண்டவரோடு சிலுவையில் அறையப்படும் நல்ல கள்ளன் இவர்தான். வலப்பக்கச் சிலுவையில் தொங்கிக்கொண்டு போடுகிற சத்தத்தில் நடுச்சிலுவை வசனம் யாருக்கும் கேட்காது. "இன்னாசி, ஆண்டவரவிட நீ ஜாஸ்தியா பாடுபடுறப்பா" என்று போன வருடம் ஃபாதரே சொல்லிவிட்டார்.

"சுளுக்குக்கு இவ்வளவு கத்தல் வேணாங்க" என்றேன்.

"நீ கார்டுல வலின்னு போட்டுருக்க. நான் வலியக் காட்டுறேன். சுளுக்குன்னா சும்மாவா?"

ஜனவரி 11

இன்றைய சொற்கள் எல்லாமே வலிகள். டல் என்றால் மந்தமாக இருப்பது. த்ராபிங் என்றால் விண் விண் என்று தெறிப்பது. நாயிங் என்பதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது; எலி கொறிப்பது போல விடாமல் அரிக்கிற வலியாம். ரேடியேட்டிங் என்றால் ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்துக்குப் பரவுவது.

இன்னாசியும் நானும் சாப்பிட்டுக்கொண்டே ஜோடி சேர்த்தோம். நான் ஆங்கிலத்தில் ஒன்று சொன்னால் அவர் தமிழில் ஒன்று சொல்ல வேண்டும். சுரீர், சுருக், குடைச்சல், உளைச்சல், கடுகடுப்பு, இழுத்துப் பிடிக்கிறது, பிசைகிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறவருக்குச் சொல்லுக்கா பஞ்சம்? காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அவரே வாசகம் எழுதுவார்.

நமநமப்புக்கு ஆங்கிலத்தில் என்ன என்று இன்னும் தெரியவில்லை. நாளை மேடத்திடம் கேட்க வேண்டும்.

ஜனவரி 12

மேடத்துக்கும் தெரியவில்லை. மலையாளத்தில் உண்டாம். அதைச் சொல்லிக் காட்டினார். கேட்கவே நமநமத்தது.

ஜனவரி 15

பொங்கல் விடுமுறை. கடைக்கு விடுமுறை இல்லை. இரண்டு கட்சி, ஒரு ரசிகர் மன்றம், மூன்று ஊர் ஜல்லிக்கட்டு, எல்லாருக்கும் பேனர் வேண்டும். ரோலைத் தூக்கித் தூக்கித் தோள் போச்சு என்கிறார்.

மனப்பாடம் செய்த ஆறுதல் வாக்கியங்கள்: "உங்கள் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது." "இது பலருக்கும் சாதாரணமாக வருவதுதான்." "பதற்றப்பட எந்தத் தேவையும் இல்லை." ஆங்கிலத்தில் சொல்லும்போது குரல் சற்றுத் தாழ வேண்டும், முகம் இளக வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே ஆறுதலாக இருந்தது.

ஜனவரி 21

இன்னாசி திருந்திவிட்டார்!

இன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர், கதவைத் திறந்த கையோடு நோயாளியாகிவிட்டார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல், "சிஸ்டர், ஐ ஹேவ் பெயின்" என்றார். அலறல் இல்லை, உருளல் இல்லை. நல்ல கள்ளன் காணாமல் போய்விட்டான். பயிற்சி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்? நான் உடனே கார்டை எடுத்து ஆரம்பித்துவிட்டேன்.

"வாட் கைன்ட் ஆஃப் பெயின், சார்?"

யோசித்தார். "நெஞ்ச அமுக்குற மாதிரி இருந்தா என்ன சொல்லணும்?" என்று தமிழில் கேட்டார்.

"டைட்னஸ். இல்லன்னா ப்ரெஷர்னு சொல்லலாம். ஆனா கார்டுல மூட்டுவலின்னுதான் போட்டுருக்கு. அத விட்டு வெளிய போகாதீங்க."

"சரி, சரி. மூட்டு."

ஜனவரி 24

கிராம்பு டப்பா காலி. யார் தின்றது என்று கேட்டால், பல்வலி என்கிறார். எந்தப் பல் என்று கேட்டால் தாடை முழுவதையும் காட்டுகிறார். பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். கல்யாண முகூர்த்தம் முடியட்டுமாம். ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் இவருக்குத்தான் நேரமில்லை.

ஜனவரி 27

எதற்கு இந்த வயதில் லண்டன் என்று நாத்தனார் விக்டோரியா அண்ணி போனில் கேட்டார். எல்லாரிடமும் சொல்கிற பதிலைச் சொல்லாமல் இவரிடம் உண்மையைச் சொன்னேன். அங்கே மூச்சுக்குத் திணறுகிற குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு நர்ஸ். இங்கே எனக்கு ஆறு குழந்தைகள். ஒன்றைப் பார்க்கும்போது மற்ற ஐந்தையும் முதுகால் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு குழந்தையை முழுசாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவ்வளவுதான்.

"அப்ப என் தம்பி?"

அவரும் கூட வருவார். லண்டனில் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கேயும் மனிதர்கள் சாகத்தானே செய்கிறார்கள் என்பது அவர் கணக்கு.

ஜனவரி 30

இவருக்குப் புதுப் பழக்கம். படியேறும்போது முதல் மாடியில் நின்று கீழ்வீட்டு அக்காவிடம் ஊர்க்கதை பேசுகிறார். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் மூட மாட்டார் என்று ஓடி ஒளிந்த ஆள் இவர்! இன்று அக்கா வீடு பூட்டியிருந்தது. அப்படியும் அங்கே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்: அப்ரிஹென்சிவ். வரப்போவதை நினைத்து உள்ளுக்குள் அஞ்சுவது. பயம் வெளியே தெரிந்தால் வேறு சொல் இருக்கிறது. இது வெளியே தெரியாத பயத்துக்கு. எவ்வளவு நுணுக்கம்!

பிப்ரவரி 2

இன்றைய நோயாளி பிரமாதம். "இட் ரேடியேட்ஸ் டு மை ஜா, சிஸ்டர்" என்றார். தாடைக்குப் பரவுகிறதாம். ரேடியேட் என்ற சொல்லை நான் சொல்லிக் கொடுத்து மூன்று வாரம் இருக்கும். பிசிறில்லாமல் பிடித்துவிட்டார். நான் படித்த நர்சிங் கல்லூரியில்கூட இப்படி ஒருவரும் இல்லை. கார்டில் இருந்தது கால் புண் என்பது வேறு விஷயம். கார்டை ஒழுங்காகப் படிக்க மாட்டேன் என்கிறார்.

பிறகு கேட்டார்: "இஸ் இட் டேஞ்சரஸ், சிஸ்டர்?"

எனக்கு இதுதானே வேண்டும்! குரலைத் தாழ்த்தினேன், முகத்தை இளக்கினேன். கவலை புரிகிறது என்றேன். பலருக்கும் சாதாரணமாக வருவதுதான் என்றேன். பதற்றப்படத் தேவையில்லை என்றேன். ஒரு சொல் பிசகவில்லை.

அவர் முகம் அப்படியே தெளிந்தது. "தேங்க்யூ, சிஸ்டர்" என்று நிஜ நோயாளி மாதிரியே சொன்னார். எழுந்து போய் நன்றாகச் சாப்பிட்டார். என் ஆறுதல் வேலை செய்கிறது என்றால் பி கிடைக்காமல் எங்கே போகும்?

பிப்ரவரி 5

ஆறு குழந்தைகள். உட்கார நேரமில்லை.

பிப்ரவரி 8

பயிற்சியைப் போனில் பதிவு செய்து என் பிழைகளை நானே கேட்க வேண்டும் என்று மேடம் சொன்னார். இன்று பதிவு செய்தேன். இன்னாசி வந்து உட்கார்ந்ததிலிருந்து எல்லாம் இருக்கிறது. நாளை பஸ்ஸில் கேட்பேன்.

பிப்ரவரி 9

மதுரை. ஆஸ்பத்திரி வராந்தா. நாட்குறிப்பைக் கூடவே எடுத்து வந்திருக்கிறேன். எழுதாவிட்டால் உட்கார்ந்திருக்க முடியாது.

காலையில் டவுன் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டேன். முதல் தடவை என் பிழைகளை மட்டும் கேட்டேன். இரண்டு இடத்தில் சொல்லுக்கு முன்னால் வர வேண்டிய ஆங்கில 'த' விட்டுப்போயிருந்தது. ரயில்வே கேட்டில் பஸ் நின்று டிரைவர் இன்ஜினை அணைத்தார். மறுபடியும் போட்டேன். அப்போதுதான் எனக்கு மூச்சு கேட்டது.

நான் பேசுவதற்கு முன்னால், நாற்காலி இழுபடும் சத்தத்துக்குப் பிறகு, அவர் மூச்சு வாங்குகிறார். ஒரு சொல், மூச்சு. இரண்டு சொல், மூச்சு. "சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு நடுவில் நிறுத்துகிறார். நான் அந்த இடைவெளியில், "யெஸ் சார், ப்ளீஸ் கோ ஆன்" என்று தேன் ஒழுகப் பேசுகிறேன். அந்த மூச்சை எந்த மேடையிலும் எவனும் நடிக்க முடியாது. எனக்குத் தெரியாதா? பதினான்கு வருடமாக நான் பார்ப்பது மூச்சைத்தானே?

கேட் திறப்பதற்குள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் ஒரு மஞ்சள் நீராட்டு பேனருக்குப் பூ ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குத் தாடைக்குப் பரவுதுன்னு சொன்னீங்களே. நடிச்சீங்களா?"

"என்ன இந்த நேரத்துல? டூட்டிக்குப் போகல?"

"உள்ளதச் சொல்லுங்க."

மவுசை விட்டுக் கையை எடுத்தார். "மாடி ஏறினா வருது. உக்காந்தா போயிருது. நீதான சொன்ன, சாதாரணமா வர்றதுதான், பதற வேணாம்னு."

"அது கார்டுல இருக்குற நோயாளிக்குச் சொன்னதுங்க."

"நான் எனக்குன்னுல நெனச்சேன்."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது. அழுதுகொண்டிருக்க நேரமில்லை. என் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுத்தோம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மாத்திரைகளை மென்று விழுங்கச் சொன்னார்கள். மதுரை வந்து சேர்ந்துவிட்டோம்.

இங்கே இளம் டாக்டர் ஒருவர், "எப்படி வலிக்குதுங்கய்யா?" என்று கேட்டார். படுத்தபடியே இன்னாசி சொன்னார்: "ஸ்குவீசிங் பெயின், டாக்டர். ரேடியேட்ஸ் டு த ஜா. ஒர்ஸ் ஆன் கிளைம்பிங், ரிலீவ்ட் பை ரெஸ்ட்." டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "சார் என்ன பண்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஃப்ளெக்ஸ் பேனர்" என்றார் இவர்.

ஒரு இடத்தில்கூட 'த' விட்டுப்போகவில்லை. சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடமே அழுகை வந்தது. அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவுக்கு வெளியே நான் இருக்கிறேன். தெரிந்த சொல் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

பிப்ரவரி 10

முக்கியமான ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 12

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இன்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் என்கிட்ட தமிழ்ல சொல்லல?"

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னா நீ பரீட்சைய விட்டுருவ."

"அதுக்காகவா?"

"அதுமட்டும் இல்ல ராணி. தமிழ்ல சொன்னா எனக்கே பயமா இருந்துச்சு. இங்கிலீஷ்ல சொல்றப்ப வேற யாருக்கோ வலிக்கிற மாதிரி இருந்துச்சு. நீயும் பதில் சொன்னியா, அந்த ஆளுக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிப்போச்சு."

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம். அதைவிட என் மேல். அந்த மூன்று வாக்கியங்களும் இனி எங்கள் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "எந்த மூணு?" என்று கேட்டுவிட்டு, அவரே ஒவ்வொன்றாகக் குரலைத் தாழ்த்திச் சொல்லிக் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அடிக்க முடியாத நிலையில் இருக்கிறாரே என்று விட்டேன்.

பிப்ரவரி 16

வீட்டுக்கு வந்தாயிற்று. நாற்காலியில் உட்கார வைத்து மேலே தூக்கி வந்தார்கள். கீழ்வீட்டு அக்கா ஆரத்தி எடுத்தார். பாஸ்கா குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து, இந்த வருடம் நல்ல கள்ளனுக்கு வேறு ஆள் பார்க்கிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். "எவன் வந்தாலும் கத்தச் சொல்லாதீங்கப்பா. நெசமா வலிக்கிறவன் கத்த மாட்டான்" என்று இவர் பாடம் நடத்தினார்.

தேர்வுக்குப் போகவில்லை என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன்.

பிப்ரவரி 19

மேடம் இரண்டே சொல் பதில் அனுப்பினார்: "யுவர் சாய்ஸ்." இன்னாசி அதைப் பார்த்துவிட்டு விக்டோரியா அண்ணியை வரச் சொல்லிப் போன் செய்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் படுத்துக்கெடக்குறத நீ பக்கத்துல உக்காந்து பாக்குறதுக்கு எதுக்கு? அக்கா பாக்கும். நீ போயிட்டு வா."

"எனக்கு மனசு ஓடலங்க."

"பரீட்ச எழுதுறது வாய்தான? மனசு இங்கன கெடக்கட்டும்."

அண்ணி முறுக்கு டின்னோடு வந்து இறங்கிவிட்டார். மருந்து நேரத்தை எல்லாம் மூன்று முறை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டேன். தம்பியைவிட அண்ணிக்கு ஞாபகசக்தி அதிகம்.

பிப்ரவரி 22

கோயம்புத்தூரிலிருந்து திரும்பும் ரயில்.

என் கார்டில் இருந்தவர் சர்க்கரை நோயாளி. காலில் கட்டு. சொல்பேச்சு கேட்காமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். கட்டைப் பற்றி விளக்கி, ஆறுதல் சொல்லி, இருக்க வைக்க வேண்டும். எதிரே ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், அந்த நோயாளியாக உட்கார்ந்திருந்தார்.

அந்த மூன்று வாக்கியங்களும் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன. நான் விடவில்லை. கார்டைக் கவிழ்த்து வைத்தேன். அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்து, சின்னச் சின்னச் சொல்லாகக் கேட்டேன்: என்னிடம் நீங்கள் இன்னும் சொல்லாதது ஏதாவது இருக்கிறதா?

அவருடைய கார்டில் இதற்குப் பதில் இருக்காது. கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. தேர்வில் மௌனத்துக்கு மதிப்பெண் குறையும் என்று மேடம் படித்துப் படித்துச் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

"ஐ லிவ் அலோன், சிஸ்டர்" என்றார். தனியாக இருக்கிறாராம். ராத்திரி விழுந்துவிட்டால் தூக்க ஆளில்லையாம்.

அது நடிப்பா, இல்லையா என்று இப்போதுவரை எனக்குத் தெரியவில்லை. உண்மை என்று வைத்துக்கொண்டுதான் பேசினேன். நேரம் முடிந்த மணி அடித்தபோது, கால் கட்டைப் பற்றிய பாதி விஷயம் பாக்கி இருந்தது. எக்ஸ்க்ரூசியேட்டிங், அப்ரிஹென்சிவ் எதுவும் வெளியே வரவில்லை. சேர்த்து வைத்த சொல் எல்லாம் பையிலேயே பத்திரமாக இருக்கிறது.

மார்ச் 10

பி.

மார்ச் 11

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. அண்ணி தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டார். கீழ்வீட்டு அக்கா, அங்கே தோசை மாவு கிடைக்குமா என்று விசாரித்தார். ஷீபா மேடம் போனில் கத்திய கத்தலில் எனக்குக் காது த்ராபிங்.

டாக்டர் இன்று முதல் இவர் மாடிப்படி ஏறலாம் என்று சொல்லியிருந்தார். சாயங்காலம் தனியாகத்தான் ஏறுவேன் என்று பிடிவாதம். நான் மேலே கதவருகில் நின்றேன். காலடிச் சத்தம் முதல் மாடி வரை வந்து நின்றுவிட்டது. அக்கா வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

இறங்கி ஓடினேன். படியில் உட்கார்ந்திருந்தார். மூக்கைப் பார்த்தேன், நெஞ்சைப் பார்த்தேன். மூச்சு சீராகத்தான் இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"உள்ளதச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வலி ஒண்ணுமில்ல ராணி. பயமா இருக்கு. இதுக்கும் பயமா இருக்கு, அந்த ஊருக்கும் பயமா இருக்கு."

இந்த இரண்டு மாதத்தில் பயத்துக்கு மட்டும் எத்தனை சொல் படித்திருப்பேன்? ஆறுதலுக்கு அதைவிட அதிகம். ஒன்றையும் எடுக்கவில்லை. அவர் பக்கத்தில், அந்தக் குறுகலான படியில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எனக்கும்தாங்க" என்றேன்.